மழை பார்க்காத சாலை

ஏற்காடு அடிவாரம்
9 ஜூன் 2024

சேசு மரி சூசை

அன்புத் தம்பி ரெமிஜியஸ்,

உனக்கும் லவினாவுக்கும் ரயானுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா? ரயானின் இருமல் விட்டதா? நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மண்டியிட்டால் எழுந்திருக்க அன்னா சிஸ்டர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. தூக்கும்போது, ‘மூட்டை கனக்குது’ என்று வேறு சொல்கிறாள்.

ஒரு யோசனை கேட்டு எழுதுகிறேன். மடத்து கேட்டிலிருந்து உள்ளே நோயாளி அறை வரை போகும் மண் பாதை உனக்குத் தெரியும். மழை வந்தால் சேறுதான். எங்கள் ஆஞ்சலா சிஸ்டருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ரத்தம் சுத்தம் செய்ய வாரா வாரம் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்டிலேயே நின்றுகொண்டு, ‘உள்ள வந்தா வண்டி வெளிய வராது சிஸ்டர்’ என்கிறார். நாங்கள் சக்கர நாற்காலியில் வைத்து கேட் வரை தள்ளுகிறோம். மடத்து விதிப்படி கேட்டைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லை. அங்கிருந்து ஆம்புலன்ஸ்காரர்கள் பாடு.

இப்போது ஒரு புண்ணியவான் தார்ச்சாலை போட்டுத்தர முன்வந்திருக்கிறார். இரண்டு கான்ட்ராக்டர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர், ஒவ்வொரு வேலையையும் அளந்து, அளந்ததற்குத்தான் காசு என்கிறார். மற்றவர், ‘அளவெல்லாம் எதுக்கு மதர், மொத்தமா ஒரு தொகை பேசிக்கலாம், ரோடு என் பொறுப்பு’ என்கிறார். எது நல்லது? ‘உன் தம்பி ரோட்டை வைத்துப் பிழைக்கிறவன்தானே, கேள்’ என்றார் மதர்.

மூவரையும் நற்கருணை முன் நினைத்துக்கொள்ளும்,
அக்கா பெர்னதெத்

•

லிங்கராஜபுரம், பெங்களூரு
30 ஜூன் 2024

அக்காவுக்கு ரெமியின் வணக்கம். வீட்டில் எல்லாரும் நலம். ரயான் இருமல் போய் இப்போது கிடாரை வைத்துக்கொண்டு எங்களை இரும வைக்கிறான்.

மதரிடம் சொல், சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார் என்று. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் ரோடு போடுவதில்லை. எந்த முறையில் போடலாம் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்கிறோம். அதாவது நீ கேட்ட இந்தக் கேள்விதான் என் சம்பளம்!

கல்யாண பிரியாணியை வைத்துச் சொல்கிறேன். முதல் கான்ட்ராக்டர் சொல்வது, அரிசி இத்தனை கிலோ, கறி இத்தனை கிலோ, நெய் இவ்வளவு என்று நிறுத்து நிறுத்துக் காசு கொடுப்பது. பக்கத்தில் ஒருத்தர் தராசோடு நிற்க வேண்டும். சண்டை ஓயாது, கடைசியில் பில் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாமவர் சொல்வது தலைக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பது. அரிசி கூடினாலும் குறைந்தாலும் அவன் தலைவலி. நமக்கு இலையில் பிரியாணி விழுந்தால் போதும். மூன்றாவதாக ஒன்று உண்டு, கான்ட்ராக்டர் தன் காசில் ரோடு போட்டுவிட்டு, அதில் போகிறவர்களிடம் வசூலிப்பது. நான் தினமும் மேம்பாலத்தில் டோல் கட்டிக்கொண்டுதான் ஆபீஸ் போகிறேன். உங்கள் கேட்டில் டோல் வைத்தால் அன்னா சிஸ்டரை வசூலுக்கு உட்காரவைக்கலாம்.

கேலி போகட்டும். மொத்தத் தொகைதான் சரி. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அத்திபெலே தாண்டி லாரிகள் போகும் இரண்டு இணைப்புச் சாலைகளை எடுத்து ஒப்பிட்டு, போன மாதம் ஒரு அறிக்கை கொடுத்தேன். அளந்து காசு கொடுத்துப் போட்ட சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. மொத்தத் தொகைக்குப் போட்ட சாலை கண்ணாடி மாதிரி இருக்கிறது. துறைக்காரர்கள் அசந்துவிட்டார்கள். ஒரு பெரிய ஓட்டலில் கூட்டம் போட்டுப் பேசச் சொல்லி, சால்வை போர்த்தி, தலையில் மைசூர் பேட்டா என்ற ராஜா தலைப்பாகையும் வைத்துவிட்டார்கள். போட்டோவைப் பார்த்து லவினா, ‘மாப்ள குதிரை எங்க?’ என்று கேட்டாள்.

தைரியமாக மொத்தத் தொகைக்கே கொடுக்கச் சொல். நான் பொறுப்பு.

முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன், மறக்காமல் போடு.
ரெமி

•

ஏற்காடு அடிவாரம்
18 ஆகஸ்ட் 2024

சேசு மரி சூசை

அன்புத் தம்பி,

தைலம் கிடைத்தது. மடமே கற்பூர வாசம். உங்கள் எல்லாருக்கும் தாயாரின் விண்ணேற்புத் திருநாள் ஆசீர்.

மதர் உன் கடிதத்தை மாலைப் பொழுதில் எல்லாருக்கும் வாசித்தார். பிரியாணி வந்த இடத்தில் ஆஞ்சலா சிஸ்டர் கண்ணில் நீர் வர சிரித்தார்கள். உப்பில்லாக் கஞ்சி குடிக்கிறவர்கள் அல்லவா, ‘அந்தத் தம்பி எழுதறதுலயே நெய் மணக்குது’ என்றார்கள். அன்று முதல் அவர்கள் ஜெபமாலையில் ஒரு பத்து மணி ‘ரோடு தம்பி’க்கு. நீ எப்படி இருப்பாய், குண்டா ஒல்லியா என்று என்னைக் கேட்டுக் குடைகிறார்கள்.

மொத்தத் தொகைக்கே கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. மழையெல்லாம் ஓய்ந்தபின் புது வருஷத்தில் வேலை. உன் அறிக்கையில் ஒரு நகல் அனுப்பு. மதருக்குப் படிக்க வேண்டுமாம், எங்களுக்குப் படம் பார்த்தால் போதும்.

ஆரோக்கிய மாதா திருவிழாவுக்கு சிவாஜிநகர் போகும்போது எனக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்று.
அக்கா

•

லிங்கராஜபுரம்
27 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

நலம். நீயும் மற்ற சிஸ்டர்களும் நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். திருவிழாவில் லவினா உன் பேரில் மெழுகுதிரி ஏற்றினாள். என்னால் போக முடியவில்லை.

இங்கே பேய் மழை. பாதி நகரம் தண்ணீரில். ஆபீஸில் வேலை கொஞ்சம் நெருக்கடி. ரயான் பரீட்சை சுமாராக எழுதியிருக்கிறான். தெருமுனை பேக்கரியை மூடிவிட்டார்கள், நல்ல பன் கிடைப்பதில்லை.

வேறு விசேஷமில்லை.
ரெமி

•

ஏற்காடு அடிவாரம்
17 நவம்பர் 2024

சேசு மரி சூசை

அன்புத் தம்பி,

நான்கு பக்கம் எழுதுகிறவன் பன் கிடைக்கவில்லை என்று அரைப் பக்கத்தில் முடித்துவிட்டாயே. உடம்புக்கு ஒன்றுமில்லையே? லவினாவோடு சண்டையா? அறிக்கையின் நகலும் வரவில்லை. பரவாயில்லை, தேடி அலையாதே.

டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் கடிதங்களை மதர் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவார், கிறிஸ்துமஸ் அன்றுதான் கையில் கிடைக்கும். தவக்காலத்திலும் அப்படித்தான், ஈஸ்டர் வரை. உனக்குத் தெரியாததா, சின்ன வயதில் இதற்காகவே எங்கள் மதரைத் திட்டி எழுதியவன்தானே நீ!

ஜனவரியில் மூவரசர் திருநாள் முடிந்ததும் கான்ட்ராக்டரோடு மதர் கையெழுத்துப் போடுகிறார். உன் வார்த்தையை நம்பித்தான் போடுகிறார், அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதற்குள் சொல். ஆஞ்சலா சிஸ்டர், ‘ரோடு வந்துட்டா நான் ராணி மாதிரி படுத்துக்கிட்டே போவேன்’ என்று நாள் எண்ணுகிறார்கள்.

உன் மௌனத்தையும் சேர்த்து ஒப்புக்கொடுக்கிறேன்.
அக்கா

•

லிங்கராஜபுரம்
24 நவம்பர் 2024
(எழுதி, தபாலில் சேர்க்காதது)

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க இன்றைக்கு எனக்கு யோக்கியதை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கண்ணாடிச் சாலை அக்டோபர் மழையில் உட்கார்ந்துவிட்டது. மேலே தார் இருந்தது, அடியில் ஜல்லி பாதிகூட இல்லை. தண்ணீர் குறுக்கே போகப் பதிக்க வேண்டிய குழாயைப் பதிக்கவே இல்லை. மொத்தத் தொகை என்பதால் உள்ளே என்ன போட்டான் என்று யாரும் இறங்கி அளக்கவில்லை. மேலே பார்த்தோம், வழவழப்பாக இருந்தது, காசு போய்விட்டது.

இது தெரியாமல் நடந்தது என்றால்கூட நான் உன் முகத்தில் விழிப்பேன். எங்கள் ஆபீஸில் சங்கமித்ரா என்று ஒரு இளம் இன்ஜினியர், மர்ஃபி டவுன் பெண். இரண்டு சாலைகளையும் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்தவள் அவள்தான். அப்போதே சொன்னாள், ‘சார், அந்த ரோடு மூணு மழை பாத்த ரோடு. இது ஒரு மழைகூட பாக்கல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எது நல்லதுன்னு எப்படி சார் சொல்றது?’ அதையே ஒரு பாராவாக எழுதியும் கொடுத்தாள். மேலதிகாரிக்கு மொத்தத் தொகை முறைதான் நல்லது என்று வர வேண்டும். கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நான் அந்தப் பாராவை அடித்துவிட்டேன். அடித்தபின் என் அறிக்கையை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். உனக்கு எழுதிய அன்று நம்பித்தான் எழுதினேன்.

முறையில் தப்பில்லை, அக்கா. இதே முறையில் நல்ல சாலைகளும் இருக்கின்றன. யாராவது குழியில் இறங்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. தராசோடு ஆள் நிற்பதைக் கேலி செய்தேன்.

உட்கார்ந்த இடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பள்ளத்தில் ஸ்கூட்டர் கவிழ்ந்து ஒரு அம்மாவுக்குக் கை முறிந்திருந்தது. அங்கே நின்ற ஆட்டோக்காரர், ‘என்னா சார் இது, சும்மனே மேல கருப்பு பூசிட்டு போயிட்டாங்களா? நீங்க டிபார்ட்மெண்டா?’ என்று கேட்டார். ‘இல்லப்பா, சும்மா பாக்க வந்தேன்’ என்றேன். ஆண்டவரைத் தெரியாது என்று சீடர் சொன்னதும் கூவியதே, அந்தச் சேவல் ஒன்றுதான் குறைச்சல்.

வெட்கமாக இருக்கிறது, அக்கா. பேட்டா வைத்த போட்டோவை லவினா ஹாலில் மாட்டியிருக்கிறாள். அதைக் கடந்து பாத்ரூமுக்குப் போகக்கூட வெட்கமாக இருக்கிறது. மதரிடம் சொல்லி, கையெழுத்துப் போடாமல்

•

லிங்கராஜபுரம்
28 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கும் மதருக்கும் எல்லா சிஸ்டர்களுக்கும்,

வரப்போகும் கிறிஸ்துமஸ் பெருவிழா வாழ்த்துகள். லவினா செய்த பிளம் கேக்கைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஆஞ்சலா சிஸ்டருக்குச் சர்க்கரை ஆகுமா என்று கேட்டுக்கொண்டு கொடு. நாங்கள் எல்லாரும் நலம், கவலைப்படாதே.

ரோடு விஷயம்: கான்ட்ராக்டர் நல்ல ஆளா என்று எதற்கும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரெமி

•

லிங்கராஜபுரம்
6 மார்ச் 2025

அக்கா,

நவம்பரில் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். முடிக்காமல் விட்ட வரியை அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் முழங்கால் தேவலையா?

ரெமி

•

ஏற்காடு அடிவாரம்
22 ஏப்ரல் 2025

அல்லேலூயா

தம்பி,

உயிர்ப்பின் சமாதானம் உங்கள் மூவருக்கும். உடம்பு சுகமாக இருக்கிறேன்.

ஞாயிறன்று பூசை முடிந்து மதர் கடிதங்களைக் கொடுத்தார். உன்னுடையது கனமாக இருந்ததால், பழைய ரெமி திரும்பிவிட்டான், நான்கு பக்கம் எழுதிவிட்டான் என்று சந்தோஷப்பட்டுப் பிரித்தேன்.

தவக்காலத்தில் நாள் தவறாமல் வெளியே ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஜெபத்தில் இருக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தத்தையும் ஒறுத்தலாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் மதர். உன் கடிதம் அதே நாட்களில் மதரின் மேசை இழுப்பறைக்குள் கிடந்திருக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறுக்கு முன்பே தார் போட்டு முடித்துவிட்டார்கள். சாமியார் வந்து மந்திரித்தார். ஆஞ்சலா சிஸ்டர் நாற்காலியிலிருந்து குனிந்து தாரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உன் பேருக்கு ஒரு பூசையும் கேட்டு வைத்தார்கள்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் ஐந்து. நீ தேதி போட்டிருப்பது ஆறு. நவம்பரில் எழுதியதை மார்ச் வரை வைத்திருந்தாய். அதையும் கடிதம் என் கைக்குக் கிடைக்காத நாட்களில் தேடிப் போட்டிருக்கிறாய். மடத்து அலுவலகத்தில் போன் இருக்கிறது, அப்பா இறந்த அன்று அதில்தான் சொன்னாய். சொல்லிவிட்டோம் என்றும் இருக்க வேண்டும், நான் கேட்டும் விடக்கூடாது, அதுதானே ரெமி? அந்த அறிக்கையை நீ எழுதியதைவிட எனக்கு இதுதான் வலிக்கிறது. அதை எழுதியபோது உன்னைச் சுற்றி மேலதிகாரிகள் இருந்தார்கள். தபால் பெட்டிக்கு நீ தனியாகத்தான் போயிருக்கிறாய்.

மதரிடம் காட்டிவிட்டேன். அவர் கான்ட்ராக்டரை அழைத்து ஒரு இடத்தில் தோண்டிக் காட்டச் சொன்னார். ‘மொத்தமா பேசியாச்சே மதர், இனி தோண்டி அளக்கறதுக்கு என்ன இருக்கு?’ என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் மழை வரவில்லை. வரும்.

அக்கா

•

லிங்கராஜபுரம்
25 மே 2025

அண்ணிக்கு லவினா எழுதுவது.

நல்லா இருக்கீங்களா என்று கேட்கிறேன், ஆனால் நாங்கள் நல்லா இல்லை. மறைத்துப் பழக்கமில்லாததால் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஈஸ்டர் கடிதம் ஃபிரிட்ஜ் மேல் சிப்ஸ் டப்பாவுக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தது. ‘என்னா ரெமி, அக்கா என்ன போலீஸா? லெட்டரைத் தொறக்க இவ்ளோ பயமா?’ என்று கேட்டேன். ‘அதுல என்ன இருக்கும்னு தெரியும் லவி’ என்றார். போன ஞாயிறு நானே பிரித்துச் சத்தமாகப் படித்தேன். பாதியில் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். நானும் விடவில்லை, பின்னாலேயே போய் மீதியையும் படித்தேன். காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குப் பின்னால் நின்று அழுதார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ரெண்டு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

உங்கள் மடத்து ரோடும் இதில் மாட்டியிருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரியும், அண்ணி. சத்தியமாக. தெரிந்திருந்தால் நவம்பரிலேயே பஸ் ஏறி வந்திருப்பேன்.

சங்கமித்ரா வீட்டுக்கு வந்திருந்தாள். ‘சார், நான் சண்டைக்கு வரல. அடுத்த ரோட்டுக்கும் அதே ரிப்போர்ட்டைத்தான் காட்டுறாங்க. என் பாராவை மட்டும் திருப்பிச் சேர்த்து அனுப்புங்க, போதும்’ என்றாள். இவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்தப் பெண்தான், ‘காபி ஆறிடுச்சு சார்’ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேட்டா போட்டோவைக் கழற்றிவிட்டேன். இவரைத் திட்டி எழுதுங்கள். நீங்கள் எழுதாமல் இருப்பதுதான் இவருக்கு வசதி.

ஜெபத்தில் எங்களை மறக்காதீர்கள்.
லவினா

•

ஏற்காடு அடிவாரம்
8 ஜூன் 2025

சேசு மரி சூசை

தம்பி ரெமிஜியஸ்,

லவினா எழுதியிருந்தாள். இதை நீயே பிரித்துப் படி.

போன செவ்வாய் பெரிய மழை. அன்று ஆஞ்சலா சிஸ்டருக்கு ஆஸ்பத்திரி நாள். புது ரோடு இருக்கிறதே என்று ஆம்புலன்ஸ் உள்ளே நோயாளி அறை வரை வந்தது. அவர்களைப் படுக்கவைத்துக் கிளம்பியது. வளைவில் ரோடு வாயைத் திறந்தாற்போல இறங்கி, பின்சக்கரம் இரண்டும் உள்ளே போய்விட்டன. வண்டி சாய்ந்து கதவு மண்ணில் பதிந்துவிட்டது. உள்ளே அவர்கள் மட்டும். ‘பெர்னதெத், பெர்னதெத்’ என்று கூப்பிடுகிறார்கள். கண்ணாடியை உடைத்து டிரைவர் உள்ளே இறங்கினார். நாங்கள் இழுத்து வெளியே எடுத்தோம். நோயாளிக் கட்டிலில் வைத்து ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி சேற்றில் நடந்தோம். வேறு வண்டி கேட்டுக்கு வெளியே ரோட்டு முனைக்குத்தான் வரும் என்றார்கள். கேட் வந்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். மதர், ‘நடங்க’ என்றார். தாண்டிவிட்டோம்.

நான் மடத்துக்குள் வந்தபின் கேட்டைத் தாண்டியது அன்றுதான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடிவந்து கட்டிலைப் பிடித்தார்கள். உடம்பெல்லாம் சேறாக நடுரோட்டில் நின்றேன். எனக்கு வெளியே வந்துவிட்டோம் என்ற நினைப்புகூட இல்லை. யாராவது, ‘இந்த ரோட்டைப் போடச் சொன்னது யாரு?’ என்று கேட்டுவிடுவார்களோ என்றுதான் பயமாக இருந்தது. உன்னைப் போலவே நானும் தலையைக் குனிந்துகொண்டேன். என் சொந்தத் தம்பி என்று சொல்ல எனக்கும் வெட்கமாக இருந்தது, ரெமி. இதை எழுதக்கூடாது என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

ஆஞ்சலா சிஸ்டர் பிழைத்துவிட்டார்கள். தோள் எலும்பு விலகியிருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் முதலில் கேட்டது உன்னைத்தான். ‘ரோடு தம்பிக்கு இது தெரிஞ்சா மனசு கஷ்டப்படுமே, சொல்லாதீங்க. கான்ட்ராக்டர் ஏமாத்தினதுக்கு அந்தப் புள்ள என்ன பண்ணும்?’ என்றார்கள். ஜெபமாலையில் உன் பத்து மணி நிற்கவில்லை. மதருக்கும் எனக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் அல்ல.

முதலில் வந்த கான்ட்ராக்டரையே மதர் கூப்பிட்டிருக்கிறார். இந்த முறை அளந்து அளந்துதான். வளைவைத் தோண்டி, குழாய் பதித்து, ஜல்லி அடுக்கி, ஒவ்வொன்றையும் மூடுமுன் ஒருவர் குழியில் இறங்கி அளக்க வேண்டும். எங்களால் முடியாது. நீ வா. மன்னிப்பு, காசு, கேக் எதுவும் கொண்டு வராதே. டேப் கொண்டு வா.

அக்கா

•

மடத்து கேட்
5 ஜூலை 2025

அக்கா,

இதைக் கேட் சிஸ்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ நலமா என்று இத்தனை நாளாக உள்ளே வந்து கேட்கவில்லை. நான் வந்திருப்பது உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். வேலை தொடங்கிய நாளிலிருந்து குழியில்தான் நிற்கிறேன். வேலைக்காரர்களோடு சாப்பிட்டு, பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் படுத்துக்கொள்கிறேன். அன்னா சிஸ்டர் அனுப்பிய காபியை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். வாங்கிக் குடிக்க முடியவில்லை.

குழாய் பதிந்துவிட்டது. ஜல்லியை ஒவ்வொரு அடுக்காக அளந்தேன். இரண்டு இடத்தில் குறைவாக இருந்தது, பிரித்துத் திரும்பப் போடச் சொன்னேன். ‘என்னா சார், எங்களை நம்ப மாட்டியா?’ என்று மேஸ்திரி கத்தினார். சண்டை ஓயவில்லை. வேலை நன்றாக வந்திருக்கிறது. மழையும் இரண்டு முறை பெய்து பார்த்துவிட்டது.

கிளம்பி வருவதற்கு முன் சங்கமித்ராவின் பாராவை அவள் பேரிலேயே சேர்த்து, அடித்தது நான்தான் என்றும் எழுதி, துறைக்கு அனுப்பிவிட்டேன். ஆபீஸில் இனி எனக்கு இடம் இருக்குமா என்பது திரும்பிப் போனால்தான் தெரியும். லவினா, ‘வந்து சேரு, பாத்துக்கலாம்’ என்கிறாள்.

இன்றோடு வேலை முடிந்தது. இப்படியே பஸ் ஏறிவிடலாம் என்றுதான் பையை எடுத்தேன். கேட் சிஸ்டர் ஓடிவந்து, ஆஞ்சலா சிஸ்டரை நாற்காலியில் வைத்து, வெளியாட்களைப் பார்க்கும் பார்லருக்குக் கொண்டுவந்து விட்டார்கள், பெங்களூரு தம்பி கிளம்புமுன் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டுமாம், கட்டுப் போட்ட தோளோடு கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்லர் வாசலில் நிற்கிறேன், அக்கா. அவர்கள் நன்றி சொல்லுமுன் நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்கிறேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மட்டும் ஒரு வரி எழுதி அனுப்பு.

ரெமி